கீழே நிற்பவரைப் பாருங்கள்

மேடையில் ஒரு மனிதக் கோபுரம் எழும்போது நம் கண்கள் தாமாகவே உச்சிக்குப் போய்விடும். மேலே நிற்கும் பெண் கைகளை விரித்ததும் கைதட்டுகிறோம். அவரைத் தாங்கும் இருவரையும், அந்த இருவரையும் சேர்த்துத் தாங்கி அடியில் கால் பதித்து நிற்கும் ஒருவரையும் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. மொரோக்கோ நாட்டின் தற்கால சர்க்கஸ் படைப்புகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தப் பழக்கம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அடியில் நிற்பவரைத்தான்.

காரணம் உண்டு. மொரோக்கோ வித்தைக்காரர்களின் வரலாறே அடியில் நின்றவர்களின் வரலாறுதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கஸ் கூடாரங்களில் அவர்கள் கோபுரமாக நின்றார்கள், கரணம் அடித்தார்கள். ஆனால் நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் என்று அவர்களை யாரும் சொன்னதில்லை. இந்த நூற்றாண்டில்தான் அது மாறியிருக்கிறது. தங்கள் பாட்டையும் மேளத்தையும் ஆட்டத்தையும் கூட்டிக்கொண்டு, தங்கள் பெயரிலேயே அவர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள்.

ஞானியின் பிள்ளைகள்

மொரோக்கோவின் தெற்கே சூஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கே மலையடிவாரத்தில் உள்ள தாசர்வால்த் பகுதியில், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிடி அகமது உ மூசா என்ற சூஃபி ஞானியின் தர்கா உள்ளது. அந்நாட்டு வித்தைக்காரர்கள் அவரைத் தங்கள் காவலராகப் போற்றுகிறார்கள். ‘சிடி அகமது உ மூசாவின் பிள்ளைகள்’ என்பதே அவர்களுக்கு வழங்கிவரும் பெயர்.

தந்தையிடமிருந்து மகனுக்கு, சித்தப்பாவிடமிருந்து அண்ணன் மகனுக்கு என்று குடும்பங்களுக்குள்ளேயே கைமாறி வந்த கலை இது. பகைவரின் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்க, வீரர்கள் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறியதில்தான் மனிதக் கோபுரம் பிறந்தது என்று ஒரு வழக்குக் கதையும் உண்டு.

இந்தக் கலைக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்லலாம். ஒன்று, கோபுரம். உறுதியான ஒரே ஒருவர் அடியில் நிற்க, அவர் தோளிலும் தொடையிலும் இடுப்பிலும் பலர் ஏறி விசிறிபோல் விரிவார்கள். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ. வெறும் பலத்தால் மட்டும் அதைத் தாங்கிவிட முடியாது. எடை முழுவதும் தம் இரண்டு பாதங்களுக்கு நேர் மேலே விழும்படி, நொடிக்கு நொடி உடலைச் சரிசெய்துகொண்டே அவர் நிற்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம், வட்டம். உடற்பயிற்சிப் போட்டிகளில் கரணம் அடிப்பவர்கள் நேர்க்கோட்டில் ஓடி வருவதைப் பார்த்திருப்போம். மொரோக்கோக்காரர்கள் வட்டமாகச் சுழல்வார்கள். அதற்குக் காரணம், அவர்களைச் சுற்றி நின்ற கூட்டம்.

வட்டம்தான் அரங்கம்

அரபு மொழியில் ‘ஹல்கா’ என்றால் வட்டம். தெருவிலோ சந்தையிலோ ஒருவர் கதை சொல்லத் தொடங்குவார் அல்லது மேளம் தட்டுவார். நான்கு பேர் நிற்பார்கள். பிறகு நாற்பது பேர். அவர்கள் நிற்கும் வட்டம்தான் சுவர், அதுவே அரங்கம். ஊருக்குள் கழைக்கூத்தாடி வந்ததைப் பார்த்த தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மராகேஷ் நகரின் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் இந்த வட்டங்களை இன்றும் காணலாம். பகலில் அது பெரும்பாலும் வெறும் திடல். ஆரஞ்சுச் சாறு விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். பொழுது சாயும்போது உணவுக்கடைகளின் புகை எழும்ப, ஒவ்வொரு மூலையிலும் ஒரு வட்டம் உருவாகும். நான் அங்கே நின்றபோது என்னைக் கவர்ந்தது, கலைஞர்கள் கூட்டத்தை ‘படிக்கிற’ விதம். ஆள் குறைந்தால் மேளத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள். பெரிய வித்தைக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, காசு கேட்டு ஒரு சுற்று வருவார்கள். காசு விழுந்த பிறகுதான் வித்தை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

இந்தச் சதுக்கத்தின் கலை மரபை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டு மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுச் சிறப்புகளில் ஒன்றாக அறிவித்தது. 2008ஆம் ஆண்டு அது யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சதுக்கத்தைக் காக்க வேண்டும் என்று உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், மராகேஷிலேயே வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கோய்த்திசோலோ.

கூட்டத்தின் இரைச்சலையும் தாண்டி நம் காதில் விழுவது க்னாவா இசை. சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை அது. ஒட்டகத் தோல் போர்த்திய, மூன்று நரம்புகள் கொண்ட ‘கெம்ப்ரி’ அடிவயிற்றில் இருந்து எழுவதுபோல் ஒலிக்கும். ‘க்ராகெப்’ எனப்படும் இரும்புத் தாளங்கள் கைகளில் சடசடக்கும். தாளம் மெதுவாகத் தொடங்கி, நாம் அறியாமலே வேகம் பிடிக்கும். சோழி பதித்த தொப்பி அணிந்த ஆட்டக்காரர், தலையை அசைத்தே தொப்பியின் குஞ்சத்தைச் சுழற்றுவார், உட்கார்ந்து எழுவார், திடீரென்று துள்ளுவார். முழு இரவும் நீளும் சடங்குகளில் இதே இசை நோய் தீர்க்கும் வழியாகவும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு க்னாவாவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

வித்தைக்காரர்களின் பூர்விகமான சூஸ் வட்டாரத்துக்கு வேறொரு ஆட்டம் உண்டு. ‘அஹ்வாஷ்’ என்று பெயர். அமாசிக் மக்களின் ஊர்க்கூட்டு ஆட்டம் அது. ‘பெந்தீர்’ என்ற அகன்ற ஒருமுகத் தோல்மேளத்தின் ஒலிக்கு, தோளோடு தோள் சேர்ந்து நின்று பாடி ஆடுவார்கள். அதில் தனித்த நாயகர் இல்லை. எல்லாரும் ஒரே உடல்போல் அசைவதே அழகு. கோபுரம் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறென்ன இருக்க முடியும்?

பாலைவனம் காணாத ‘பாலைவனத்தார்’

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய சர்க்கஸ் நிறுவனங்கள் இந்த வித்தைக்காரர்களைக் கண்டுகொண்டன. குழு குழுவாகக் கப்பல் ஏறினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹசன் பென் அலி என்ற மொரோக்கர், தம் நாட்டுக் குழுக்களை அமெரிக்கா முழுவதும் அழைத்துச் சென்று பெயர் பெற்றார்.

ஆனால் பெரும்பாலோர் பெயர் பெறவில்லை. சுவரொட்டிகளில் ‘அரேபியர்கள்’, ‘பாலைவனத்துப் பெதுயின்கள்’ என்றே அவர்களை விளம்பரம் செய்தார்கள். அவர்களில் பலர் சூஸ் மலைக்கிராமங்களைச் சேர்ந்த அமாசிக் மக்கள். வீட்டில் பேசியது தஷெல்ஹித் மொழி. பாலைவனக் கூடாரத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு குறைவு. ஆனாலும் நுழைவுச்சீட்டு விற்கத் தேவைப்பட்டது ஒரு பாலைவனக் கதை. அதற்கேற்ற உடையை மாட்டிவிட்டார்கள். வட்டத்துக்கு உயிர் கொடுத்த பாட்டும் மேளமும் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டன. கூடாரத்தில் வாசித்தது சர்க்கஸ் வாத்தியக் குழு. கலைஞரின் உடல் மட்டும் பயணம் போயிற்று.

அந்தப் பயணத்தின் தடம் ஒன்று இன்றும் மிச்சமிருக்கிறது. பின்னோக்கிக் குதித்து, காற்றிலேயே அரைச்சுற்றுத் திரும்பி, முன்கரணமாக முடிக்கும் ஓர் அசைவை உலகெங்கும் உடற்பயிற்சி வீரர்கள் ‘அரேபியன்’ என்றே அழைக்கிறார்கள். நம் பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கலாம்.

கடற்கரையிலிருந்து புறப்பட்ட குழு

மொரோக்கோவின் வடமுனையில் டாஞ்சியர் நகரம். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான இடத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் எதிரே ஸ்பெயின் தெரியும். இந்த நகரின் கடற்கரை மணல், வித்தைக்காரக் குடும்பங்களின் பயிற்சிக்கூடம். விழுந்தால் தாங்குவதற்கு மணலைவிட நல்ல மெத்தை ஏது?

2003ஆம் ஆண்டு சனா எல் கமூனி என்ற பெண்மணி அந்த நகரில் ‘டாஞ்சியர் வித்தைக் குழு’வை நிறுவினார். சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை காட்டியும், வெளிநாட்டு சர்க்கஸ்களில் சில நிமிடங்கள் தோன்றியும் பிழைத்துவந்த கலையை, முழுநீளப் படைப்பாக மேடையேற்ற முடியும் என்பது அவர் நம்பிக்கை.

தற்கால சர்க்கஸ் என்ற வடிவம் அப்போது பிரான்சில் நன்றாக வேரூன்றியிருந்தது. அதில் விலங்குகள் இல்லை. ‘அடுத்து வருபவர்’ என்று அறிவிப்பவரும் இல்லை. ஒரு நாடகத்தைப் போல, ஒரு கருவைச் சுற்றி வித்தைகள் கோக்கப்படும். பிரான்சின் தேசிய சர்க்கஸ் கலை மையம் 1985ஆம் ஆண்டே தொடங்கப்பட்டுவிட்டது. அந்த நாட்டு இயக்குநர் ஒரேலியன் போரி டாஞ்சியர் குழுவுடன் சேர்ந்து, 2004ஆம் ஆண்டு ‘தவ்ப்’ என்ற படைப்பை உருவாக்கினார். தவ்ப் என்றால் துணி. பெரிய துணிகளே அதில் சுவராகவும் திரையாகவும் கலைஞர்களைத் தூக்கி எறியும் மெத்தையாகவும் மாறும்.

2009ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சிம்மர்மன், டெ பெர்ரோ இருவரும் இயக்கிய ‘ஷூஃப் உஷூஃப்’ வந்தது. பார், மறுபடியும் பார் என்று பொருள். நகரும் சுவர்களுக்கு இடையே கலைஞர்கள் புகுந்து வெளிவருவது, பழைய நகரின் சந்துகளை நினைவூட்டும். 2013ஆம் ஆண்டு போரி மீண்டும் வந்து ‘அசிமுத்’ படைப்பை இயக்கினார். ஞானி சிடி அகமது உ மூசாவைப் பற்றிய ஒரு கதை அதற்கு விதை. சொர்க்கத்தின் வாசல்வரை சென்றவர் உள்ளே போகாமல் பூமிக்கே திரும்பிவிட்டாராம். எவ்வளவு உயரம் எழும்பினாலும் தரைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பது வித்தைக்காரருக்குத் தெரியாததா?

மூன்று படைப்புகளும் பல நாடுகளில் பாராட்டுப் பெற்றன. ஆனால் மூன்றையும் இயக்கியவர்கள் ஐரோப்பியர்கள். ஆகவே 2016ஆம் ஆண்டு வந்த ‘ஹல்கா’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைக் கலைஞர்களே கூட்டாக உருவாக்கினார்கள். பெயரும் தங்கள் கலை பிறந்த வட்டத்தின் பெயரே.

பாட்டு ஏன் வேண்டும்?

‘ஹல்கா’வில் வித்தைக் கலைஞர்களும் இசைக் கலைஞர்களும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். பதிவுகளைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. இங்கே இசை அலங்காரம் அல்ல, வேலை செய்கிறது.

கோபுரத்தின் அடியில் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். அவரால் தலையைத் தூக்க முடியாது. மேலே என்ன நடக்கிறது என்பதை அவர் தோளில் கூடும் எடையாலும் காதில் விழும் ஒலியாலும்தான் அறிய முடியும். பாட்டின் இந்த இடத்தில் இவர் ஏறுவார், அந்த இடத்தில் அவர் குதிப்பார் என்று தெரிந்தால், எடை வருவதற்கு முன்பே உடல் தயாராகிவிடும். ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் போல, பாட்டே வேலையின் கணக்கு.

கரணம் அடிப்பவர்களுக்கோ வேறு தேவை. வட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சுழலும்போது, ஓர் அடி முன்பின் ஆனால் மோதிக்கொள்வார்கள். மேளத்தின் வேகம் கூடக்கூட வட்டத்தின் வேகமும் கூடும். நடுவே பெண்கள் குலவையிடுவார்கள். ஆம், நம் ஊர்க் குலவைதான் என்று சொல்லும்படி நாக்கைச் சுழற்றி எழுப்பும் அதே ஒலி. மொரோக்கோவில் கல்யாண வீட்டில் கேட்கும் சத்தம் அது. ஒரு கரணம் நல்லபடி முடிந்ததும் அது எழும்போது, வித்தை வீட்டுக் கொண்டாட்டமாகிவிடுகிறது.

விழித்தெழு

2020ஆம் ஆண்டு குழு அடுத்த திருப்பத்தை எடுத்தது. ‘ஃபீக்!’ என்று அந்தப் படைப்புக்குப் பெயர். விழித்தெழு என்று பொருள். இயக்கியவர் பிரான்சின் மரூசியா டியாஸ் வெர்பேக். உடைகளுக்கும் மேடைத் தோற்றத்துக்கும் பொறுப்பு ஹசன் ஹஜ்ஜாஜ். மொரோக்கோவில் பிறந்து லண்டனில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் அவர். சந்தைத் துணி, குளிர்பானப் பெட்டி, பளீர் வண்ணங்கள் என்று அன்றாடப் பொருள்களையே கலையாக்குபவர்.

இம்முறை மேடையேறியவர்கள் வித்தைக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல. நாட்டின் பல பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்த இளையர்கள். பிரேக் டான்ஸ் ஆடுபவர், டேக்வாண்டோ கற்றவர், காலில் பந்தை வைத்து வித்தை காட்டுபவர் என்று கலவையான கூட்டம். பெண்களும் கணிசமாக இருக்கிறார்கள். பழைய வட்டங்களில் கரணம் அடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களும் சிறுவர்களும்தான். பெண் தாங்கி நிற்க, பெண் ஏறி நிற்பதை மொரோக்கோவின் ஒரு சிறுமி பார்ப்பது சின்ன விஷயம் அல்ல.

இசையிலும் மாற்றம். மேடையிலேயே டிஜே நின்று இசைத்தட்டுகளைச் சுழற்றுகிறார். மரபு கெட்டுவிட்டதே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. ஜெமா எல் ஃப்னாவின் வட்டமும் தன்னைச் சுற்றி யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு ஏற்பத்தான் எப்போதும் வாசித்து வந்திருக்கிறது.

யாருடைய மேடை?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஐரோப்பிய விழாக்களுக்காகச் செய்யப்படும் கலை, பழைய சர்க்கஸ் சுவரொட்டியின் புதுப் பதிப்புதானா? அன்று பாலைவன உடை. இன்று வண்ணமயமான மொரோக்கோ. பார்ப்பவர்கள் பலர் இன்றும் வெளிநாட்டவர். மொரோக்கோ கடவுச்சீட்டு வைத்திருக்கும் கலைஞர், எதிரே கண்ணுக்குத் தெரியும் ஸ்பெயினுக்குப் போகவும் விசா எடுக்க வேண்டும். அவர் ஆட்டத்தைப் பார்க்க வரும் ஐரோப்பியர் சுற்றுலாவுக்காக டாஞ்சியர் வர விசா தேவையில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு ஒரு நிகழ்ச்சியால் தீர்ந்துவிடாது. இருந்தாலும் இரண்டு காலத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. அன்று அவர்கள் வேறொருவரின் நிகழ்ச்சியில் சில நிமிடங்கள். இன்று குழு அவர்களுடையது. நிறுவியவர் அந்த நாட்டுப் பெண். பாட்டு அவர்கள் மொழியில். படைப்புகளின் தலைப்புகளைக்கூட அவர்கள் மொழிபெயர்த்து வைக்கவில்லை. பார்க்க வருபவர்தான் ‘ஷூஃப் உஷூஃப்’ என்று சொல்லப் பழக வேண்டும்.

இன்னொரு வேறுபாடு, கலையைக் கற்கும் வழி. தலைநகர் ரபாத்துக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ள சலே நகரில் ‘ஷெம்சி’ என்ற சர்க்கஸ் பள்ளி இயங்குகிறது. ஆதரவற்ற நிலையில் வாழும் சிறுவர்களுக்கு உதவும் ஒரு தொண்டமைப்பு தொடங்கிய முயற்சி அது. பிறகு நாட்டின் தேசிய சர்க்கஸ் பள்ளியாக வளர்ந்தது. அதன் கலைஞர்களை மையமாகக் கொண்டு ‘கரசேனா’ என்ற விழாவும் சலேயில் நடந்துவருகிறது. வித்தைக்காரர் வீட்டில் பிறக்காத பிள்ளையும் இனி இந்தக் கலைக்குள் வரலாம்.

இந்தக் குழுக்களின் காணொளிப் பதிவுகளை இணையத்தில் தேடினால் கிடைக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் உச்சியில் நிற்பவரைக் காட்டி வியப்பார்கள், வியக்கட்டும். பிறகு இன்னொரு முறை ஓடவிட்டு, அடியில் நிற்பவரின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மணலைப் பற்றுவதுபோல் விரல்கள் தரையைப் பற்றும். ஒவ்வொருவர் ஏறும்போதும் முழங்கால் இம்மியளவு இறங்கி மறுபடி நிமிரும். கோபுரம் கலைந்து எல்லாரும் குதித்து இறங்கிய பிறகு, கடைசியாகத்தான் அவர் ஒரு முழு மூச்சு விடுவார்.